ஊளை யார் காதில் விழுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தேசிய அணி தோற்றால் சொந்த ரசிகர்களே ஊளையிடுவது நன்றிகெட்டத்தனம் என்று அண்மையில் உங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் யாராவது கேவலப்படுத்துவார்களா என்றும் கேட்டிருந்தார். படுத்துகிறார்களே ஐயா! தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். கோல் விட்ட பத்து வயதுப் பையன் பந்தைக்கூட எடுக்காமல், முதலில் கோட்டுக்கு வெளியே அப்பா நிற்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பான். அவர் என்ன கத்துவார் என்று அவனுக்குத் தெரியும். சரி, அது வேறு கதை. ஹரிமாவ் மலாயா என்று நாம் கூப்பிடும் மலேசிய தேசிய அணி நம் பிள்ளை அல்ல. பிள்ளை நமக்கு டிக்கெட் விற்பதில்லை.

நான் செந்தூலிலிருந்து ஆட்டம் பார்க்கப் போகிறவன். ரயில் மாறாமல் தேசிய அரங்கம் இருக்கும் புக்கிட் ஜாலிலில் இறங்கிவிடலாம், அந்த ஒரு சௌகரியம் உண்டு. திரும்பி வருவதுதான் பாடு. எண்பதாயிரத்துக்கு மேல் இருக்கைகள் கொண்ட அரங்கம், பக்கத்தில் ஒரே ஒரு ரயில் நிலையம். நள்ளிரவு தாண்டி வீடு சேர்ந்து, விடிந்ததும் வேலைக்குப் போகிற மனிதன், தொண்ணூறு நிமிடம் ஓடாமல் நின்ற அணியைப் பார்த்து, விசில் ஊதியதும் ஊளையிட்டால் அதில் என்ன துரோகம்? அக்கறை இல்லாதவன் வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பான். 1994, 95இல் சூதாட்டத்துக்காக ஆட்டங்களை விற்ற கதை வெளியே வந்து, ஆட்டக்காரர்கள் பலர் பிடிபட்டுத் தடைசெய்யப்பட்டபோது, ரசிகர்களில் நிறையப் பேர் ஊளையிடவில்லை. அரங்கத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். அந்தக் காலி இருக்கைகளோடு ஒப்பிட்டால் ஊளைச் சத்தம் எவ்வளவோ மேல்.

ஆகவே ஊளையிடலாம் என்பதுதான் என் கட்சி. என் சண்டை வேறு இடத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லீக் ஆட்டம். நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே வலது விங்கில் ஒரு பையன் ஆடினான். இருபது வயதுக்கு மேல் இருக்காது, நம்ம பையன். முதல் பந்து அவன் காலில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது. பின்னாலிருந்து யாரோ ‘ஊ’ என்றார். இரண்டாவது முறை இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கு அப்புறம் நான் பந்தைவிட அவனைத்தான் பார்த்தேன். அதுவரை கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டிருந்தவன், கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். பந்து வந்தால் ஒரே தட்டு, பின்னால் நிற்கும் டிஃபெண்டருக்கு. எதிராளியை வெட்டிக்கொண்டு போவதற்காகவே அணியில் இருந்தவன், எதிராளி பக்கமே திரும்பவில்லை. இடைவேளைக்கு அப்புறம் கோச் அவனை வெளியே எடுத்துவிட்டார். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார் பின்னால் இருந்தவர், என்னவோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி. அவன் முதலில் மோசமாக ஆடினான், உண்மை. ஆனால் அவனை ஆடவே விடாமல் செய்தது அந்த ஊளை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. ஒருவனைத் தனியாகக் குறிவைத்து எழும் ஊளையோடு, நாலைந்து வாயிலிருந்து அவன் நிறத்தையும் இனத்தையும் இழுக்கும் வார்த்தைகளும் வரும். அன்றைக்கும் வந்தன. தப்பு செய்தவன் வேறு இனத்துப் பையனாக இருந்தால், அதே வேலையை நம் ஆட்களும் செய்கிறார்கள். அணி முழுவதையும் பார்த்து ஊளையிடும்போது இந்த அசிங்கத்துக்கு இடமே இல்லை.

அந்தத் தனி மனித ஊளை சரியான தீர்ப்பாகவாவது இருக்கிறதா? மாமாக் உணவுக்கடையில் விடிய விடிய இங்கிலீஷ் லீக் பார்க்கிறவர்களுக்குக் கிரானிட் ஷாக்காவை நினைவிருக்கும். 2019 அக்டோபரில் ஆர்சனல் கேப்டனான அவரைச் சொந்த அரங்கமே ஊளையிட்டு வெளியே அனுப்பியது. பதிலுக்கு அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார், கேப்டன் பதவியும் போயிற்று. 2023இல் அவர் கடைசி ஆட்டம் ஆடியபோது அதே ரசிகர்கள் போகவேண்டாம் என்று பாட்டுப் பாடினார்கள். மறு ஆண்டே ஜெர்மனியில் லெவர்குசன் அணியோடு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் கிண்ணம் வென்றார். நம் தீர்ப்பின் லட்சணம் அதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். அரங்கமே ஆடியது, நானும்தான் ஆடினேன். அதே ஆண்டு பிற்பகுதியில் உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா சொன்னது: வெளிநாட்டில் பிறந்து நமக்காக ஆடிய ஏழு பேருடைய தாத்தா, பாட்டிகளின் பிறப்புச் சான்றுகள் போலியாக மாற்றப்பட்டவை. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நிர்வாகப் பிழை என்றது சங்கம். மேல்முறையீடும் நவம்பரில் தள்ளுபடியானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டே தீரவேண்டிய ஆட்டத்துக்குக் கைதட்டினோம், ஏனென்றால் ஜெயித்தோம். ஒரு பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்ட பையனுக்கு ஊளையிட்டோம், ஏனென்றால் அவன்தான் நம் குரல் எட்டும் தூரத்தில் இருந்தான். தாள்களில் கையெழுத்துப் போடுகிறவர்கள் கண்ணாடி அறைக்குள், ஏர்கண்டிஷனில், மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் போடும் சத்தம் அவர்களுக்கு ஆட்டத்தின் பின்னணி இசை மாதிரி.

கோபத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்பினால் வேலை நடக்கும். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் டிக்கெட் விலையை 77 பவுண்டு வரைக்கும் ஏற்றப் பார்த்தது. அணி 2-0 என்று முன்னணியில் இருக்கும்போதே, 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து போனார்கள். எந்த ஆட்டக்காரரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். (அவர்கள் போனபிறகு லிவர்பூல் இரண்டு கோல் வாங்கி 2-2 ஆனது தனிச் சோகம்.)

தவறான விலாசத்துக்குப் போனதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 3ஆம் தேதி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 10-0 என்று தோற்றோம். ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவூதி அரேபியாவோடு ஆட்டம். 2-1 என்று பின்தங்கியிருந்தோம், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. அப்போது தீப்பந்தமும் புகைக்குண்டும் திடலுக்குள் வந்து விழுந்தன. ஆட்டம் நின்றது. சவூதி 3-0 என்று வென்றதாக ஃபிஃபா அறிவித்தது, அபராதம் போட்டது, அடுத்த சொந்த மண் ஆட்டத்தை ரசிகர்களே இல்லாமல் நடத்தச் சொன்னது. கோபம் சங்கத்தின் மேல், அடி விழுந்தது அணிக்கு.

ஆகவே அந்த வாசகருக்கு என் பதில் இதுதான். பந்து உருளும்போது நம் சட்டை போட்ட ஒருவனைத் தனியாகப் பிடித்து ஊளையிடாதீர்கள். விசில் ஊதிய பிறகு அணியை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். 2010 டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை வாங்கியது கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணிதான். அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் அதே பையன்கள்தான்.

கடைசியாக, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோற்ற மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தலையைக் குனிந்து நடக்கும் ஆட்டக்காரரின் படம் பெரிதாக வருகிறது. சங்கங்களின் பொதுக்கூட்டம் நடந்தால், பொன்னாடை போர்த்திச் சிரிக்கும் படம் வருகிறது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நிருபரை அனுப்பும்போது கேமராவோடு இரண்டு கேள்வியையும் கொடுத்து அனுப்புங்கள்: அந்த ஏழு பேருடைய தாள்களைச் சரிபார்த்தது யார், கையெழுத்துப் போட்டது யார்? பதில் சொல்லாமல் போனால், போனவர் பெயரைப் படத்தோடு முதல் பக்கத்தில் போடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்