அச்சிட்டவரின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கையடக்க பைபிள்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 1782-இல் பிலடெல்பியாவில் வெளிவந்த பைபிளை ‘அமெரிக்க காங்கிரஸ் அச்சிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஈய எழுத்துக் கோத்தே வயிறு வளர்த்த எனக்கு அது பொறுக்கவில்லை.

அச்சிட்டவர் ராபர்ட் எய்ட்கன், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். ஆங்கில பைபிளை அச்சிடும் உரிமை அதுவரை பிரிட்டிஷ் அரசரின் அனுமதி பெற்றவர்களுக்கே இருந்தது. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் கப்பலில் வந்த பைபிளும் நின்றுபோனது. வெளிநாட்டிலிருந்து 20,000 பிரதிகள் தருவிக்கலாம் என்று 1777-இல் காங்கிரஸில் பேசினார்கள், பேச்சோடு சரி. அதே ஆண்டு எய்ட்கன் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, பிறகு முழு பைபிளுக்கும் துணிந்தார். 1782 செப்டம்பர் 12-இல் காங்கிரஸ் அவரைப் பாராட்டி, அந்தப் பதிப்பை மக்களுக்குப் பரிந்துரைத்துத் தீர்மானம் போட்டது. அச்சுச் செலவு அவர் தலையில்தான்.

அந்தச் செலவு என்னவென்று தொழில் தெரிந்தவருக்குத்தான் புரியும். ஏறக்குறைய ஆறு அங்குல உயரமுள்ள புத்தகம்; பொடி எழுத்து. தாளின் ஒரு புறத்துக்கே பன்னிரண்டு பக்கங்களைக் கோத்துச் சட்டத்தில் முடுக்க வேண்டும்; அதுதான் ஒரு பாரம். ஒரு பாரம் ஓடி முடிந்ததும் எழுத்துகளைக் கழுவிப் பிரித்துக் கேஸில் (எழுத்துப் பெட்டியில்) போட்டால்தான் அடுத்ததற்கு எழுத்து கிடைக்கும். ஆகவே எத்தனை பிரதிகள் என்பதை முதல் பாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். விற்குமா என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. எய்ட்கன் அச்சிட்டது சுமார் 10,000 பிரதிகள் என்பார்கள். (நம் தரங்கம்பாடியில் 1715-இலேயே தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்துவிட்டார்கள். அங்கே காகிதத் தட்டுப்பாடுதான் எழுத்தைச் சிறிதாக வார்க்க வைத்தது.)

1783-இல் சமாதானம் வந்தது. கூடவே மலிவான பிரிட்டிஷ் பைபிள்களும் வந்து குவிந்தன. படைவீரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனிடம் யோசனை போயிற்று. படையில் பெரும்பகுதி ஏற்கெனவே கலைந்துவிட்டது என்று பதில் வந்தது. எய்ட்கனுக்குப் பெருநஷ்டம். 1802-இல் அவர் இறந்தபோது அச்சகத்தோடு கடனும் மகள் ஜேன் தலையில் விழுந்தது. அந்தப் பெண் அசரவில்லை. 1808-இல் சார்ல்ஸ் தாம்சன் மொழிபெயர்த்த பைபிளை நான்கு தொகுதிகளாக அச்சிட்டார். 1782 தீர்மானத்தில் காங்கிரஸ் செயலாளராகக் கையெழுத்திட்டவரும் இதே தாம்சன்தான்!

அடுத்த முறை இப்படிப்பட்ட நூல்களின் படம் போடும்போது அட்டையை மட்டும் காட்டாமல் முகப்புப் பக்கத்தையும் போடுங்கள். அச்சகத்தின் பெயர் அங்கே அடியில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
பாளையங்கோட்டை.