சோம்பேறித்தனம் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கார்ட்டூன் கட்டுரையில், டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் சிலவற்றைப் பழைய காட்சிகளை ஒட்டி ஒப்பேற்றிய சோம்பேறி வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். இரண்டு நாளாக அந்த வரி மனதை உறுத்துகிறது.

1949இல் வந்த 'ஜெர்ரிஸ் டைரி'யைப் பாருங்கள். டாம் அன்றைக்கு ஜெர்ரியிடம் அன்பாக நடந்துகொள்ளலாம் என்றுதான் வருகிறது. டைரி கண்ணில் படுகிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு பழைய படம், ஒவ்வொன்றிலும் அடி வாங்கியது டாம்தான். படிக்கப் படிக்க அதன் முகம் மாறுகிறதே, அது பழைய காட்சி இல்லை, புதிதாக வரைந்தது. 1953இல் வந்த 'லைஃப் வித் டாம்' படத்தில் அதே கோபம், கடைசியில் ஜெர்ரி அனுப்பிய 25,000 டாலர் செக்கைப் பார்த்ததும் சிரிப்பாகிவிடும். இதற்குக் கதை யோசிக்க வேண்டாமா? அப்போது வீட்டில் வீடியோவா இருந்தது? 1943இல் 'யாங்கி டூடுல் மவுஸ்' என்ற டாம் அண்ட் ஜெர்ரி படத்தைப் பார்த்த குழந்தை அதை மறுபடி பார்க்க, தியேட்டர்காரர் மனது வைத்தால்தான் உண்டு.

நான் ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருடம் இன்பிட்வீன், அதாவது முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்கள், வரைந்தவன். ஏழு நிமிடப் படம் என்றால் பத்தாயிரம் ஃப்ரேம். பழைய டாமுக்கு முடி அதிகம். பிறகு வந்த டாம் வழுவழுப்பு. இரண்டையும் ஒரே கதைக்குள் உட்காரவைப்பது எவ்வளவு பாடு என்று வரைந்தவனுக்குத்தான் தெரியும். அந்த நான்கு வருடத்தில் என் பெயர் ஒரு டைட்டிலிலும் வந்ததில்லை, சரி, அதை விடுங்கள்.

1966இல் வேறு ஆட்கள் பழைய காட்சிகளைத் தொகுத்த 'மேட்டினி மவுஸ்' ஒட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். குறை சொல்வதென்றால் இந்தப் படங்களைத் தயாரித்த எம்.ஜி.எம். ஸ்டூடியோ முதலாளிகளை அல்லவா சொல்ல வேண்டும்? பழைய படங்களையே திரும்ப வெளியிட்டால் வருமானம் ஏறக்குறைய அதேதான் என்று கணக்குப் பார்த்து, ஏழு ஆஸ்கர் வாங்கிய தொடர் என்றும் பாராமல் 1957இல் கார்ட்டூன் பிரிவையே மூடினார்கள். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் டாம் படத்தைப் போட்டு டிஸ்னி என்று அச்சிட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. டிவிக்காரர்கள் தொடக்க டைட்டிலை வெட்டிவிடுவதால் என் மகளுக்கு டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா பெயரே தெரியாமல் இருந்தது. நீங்களும் போடாவிட்டால் யார்தான் போடுவார்கள்?

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி கார்ட்டூன் படம் அச்சிடும்போது கீழே இயக்கியவர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்