சேத்த அளக்க ஸ்கேல் பத்தாதான்னு கேட்டேல்ல

மாப்ள, நல்லாருக்கியா, தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? இங்கிட்டு மதுரையில வெயில் மண்டையப் பொளக்குது, மத்தபடி எல்லாரும் சொகம்தான், சின்னவன் ஒருவழியா டிகிரி முடிச்சுட்டான்.

அக்கா மவன் பிஎச்டிக்காக தேவிபட்டினம் பக்கம் உமரிச்செடி மண்டிக்கெடக்குற உவர் சதுப்புல, சேத்துத் தரை வருசா வருசம் ஒசருதா எறங்குதான்னு அளக்குற வேல பாக்குறான்ல, நானும் அப்பப்ப தொணைக்குப் போயிட்டு வர்றேன். சேத்த அளக்குறதுக்கு ஒரு ஸ்கேல் பத்தாதான்னு போன்ல சிரிச்ச. சர்வே வேல பாத்த நீயே இப்படிக் கேக்கலாமா? பெஞ்ச்மார்க்க, அதான் அளவுக்கு ஆதாரமா நிக்குற அசையாத புள்ளிய, எங்க வப்ப, கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகுது, ஒரு கல்ல நட்டாலும் அதுவும் சேந்துதான எறங்கும்.

அதுக்குத்தான் நாலடி நீளத் துருப்பிடிக்காத கம்பிய ஒண்ணோட ஒண்ணு முடுக்கி, இனிமே எறங்கமாட்டேன்னு நிக்குற வரைக்கும் அடிச்சு எறக்குறாய்ங்க. அது தல மேல கை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குற ஒரு சட்டத்த மாட்டி, அது வழியா ஒன்பது குச்சிய சேத்துத் தரை மேல லேசா எறக்கி ஒவ்வொண்ணும் எம்புட்டு ஒசரத்துல நிக்குதுன்னு பாக்கணும், அப்புறம் அந்தக் கைய நாலு தெசைக்கும் திருப்பித் திருப்பி மொத்தம் 36 அளவு. பக்கத்துல மிதிச்சுட்டா கத முடிஞ்சுச்சு, அதனால பலக போட்டு அது மேல குத்தவச்சுதான் எடுக்கணும், முதுகு ஒடிஞ்சிரும். குச்சி நண்டு வளைக்குள்ள போயிருச்சுன்னா அதையும் நோட்டுல எழுதணும். 1993ல அமெரிக்காவுல லூசியானாக்காரய்ங்க எழுதி வச்ச முறை, இப்ப நாம அடிக்கிற கம்பி மாடல் 2002ல டொனால்ட் கஹூன்ங்கிற அமெரிக்க விஞ்ஞானியோட ஆளுங்க கொண்டுவந்தது.

இதோட விட்டாப் பரவால்ல, பக்கத்துலயே ஃபெல்ஸ்பார்னு வெள்ளப் பொடிய ஒரு கட்டம் தூவி விட்டுட்டு வந்துருவாய்ங்க. கொஞ்ச மாசம் கழிச்சு அந்த எடத்துல கத்தியால ஒரு துண்டு வெட்டி எடுத்தா கருஞ்சேத்துக்குள்ள வெள்ளக் கோடு தெரியும், அதுக்கு மேல இருக்குறது பூரா புதுசாப் படிஞ்சது. ரெண்டையும் ஏன் அளக்கணும்? அங்கதான் மாப்ள விசயமே இருக்கு. ஒரு பேச்சுக்கு வெள்ளக் கோட்டுக்கு மேல வருசத்துல 6 மில்லிமீட்டர் சேறுன்னு வையி, ஆனா கம்பிக் கணக்குல தரை 2 மில்லிமீட்டர்தான் ஒசந்துருக்கு, அப்ப மிச்சம் 4 எங்க? வேரு அழுகி, சேறு அமுங்கிக் கீழ போயிருச்சு, இலவம்பஞ்சு மெத்த மேல துணிய மடிச்சு அடுக்குனா அடுக்கு ஒசரும் மெத்த அமுங்கும்ல, அப்புடி. கடல் ஒலக சராசரில வருசத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேலயே ஏறுது, அப்ப சேறு சேர்ந்துக்கிட்டே இருந்தும் சதுப்பு தண்ணிக்குள்ள போகும். வெறும் படிவத்த மட்டும் அளந்துட்டு வளருதுன்னு ரிப்போர்ட் எழுதுறவய்ங்களப் பாத்தா எனக்குக் கடுப்பாத்தான் வருது.

ஓரம் அரிக்கிறதுக்கு வேற கணக்கு, கரையில கம்பியப் படுக்கவாட்டுல சொருகிட்டு எம்புட்டு வெளிய துருத்துதுன்னு பாத்தாப் போதும்.

எனக்கு ஓடுற யோசன என்னன்னா, நம்ம வைகைச் சேறு அங்கிட்டு போகுதா? அணையில ஒரு பங்கு நிக்குது, மிச்சத்த கண்மாய்ங்க புடிச்சுக்குது, ராமநாதபுரம் பெரிய கண்மாய் நெறஞ்சு மிஞ்சுனாத்தான் ஆத்தங்கரைப் பக்கம் கடலுக்கு. பாக் ஜலசந்தியில ஏத்தவத்தமும் கம்மி, அது கொண்டாந்து போடுறதும் கொஞ்சம்தான். வைகை அணை வந்தது 1959, அணுகுண்டு சோதனையில கெளம்புன சீசியம்ங்கிற கதிர்வீச்சுப் பொருள் ஒலகம் பூரா அதிகமா விழுந்தது 1963, அப்ப ஆழமா ஒரு கோர், அதான் குழாய எறக்கி சேத்த தூண் மாதிரி எடுத்து சீசியம் உச்சத்தக் கண்டுபுடிச்சா அதுக்கு மேல உள்ள சேறு பூரா அணைக்கு அப்புறம் வந்ததுதான். நம்ம அட்சரேகையில சீசியம் கம்மியா விழுந்துருக்கு, தெளிவாத் தெரியுறது கஷ்டம்னு மருமகன் இழுக்குறான், நான் விடுறதா இல்ல.

சரி, உன் ஊர்க் கண்மாயில கரம்ப அள்ளுறாய்ங்களாமே, டிராக்டர் வாடக என்ன கேக்குறாய்ங்கன்னு விசாரிச்சுச் சொல்லு, தென்னைக்கு ரெண்டு லோடு வேணும்.