மயானம் வேண்டும், ஏரி உள்வாயில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலாற்றுக்கு வடக்கே ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் எங்கள் ஊராட்சியில், புதிய மயானத்துக்காக ஏரியின் மேற்குப் புறத்தில், உள்வாயில் (ஏரி நிரம்பும்போது தண்ணீர் நிற்கும் பகுதியில்) ஒன்றரை ஏக்கர் நிலம் தேர்வு செய்யப்பட்டிருப்பதையும், ஊரார் அதை எதிர்ப்பதையும் குறித்து அண்மையில் நாளிதழ்களில் செய்தி வந்தது. செய்தியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அதைப் படித்தவர்கள், மயானம் என்றாலே முகம் சுளிக்கும் ஊர் இது என்று எண்ணியிருக்கக் கூடும் என்பதால், அந்த ஏரியின் ஆயக்கட்டில், அதாவது அதன் நீர் பாயும் நிலத்தில், நாற்பது ஆண்டுகளாகப் பயிர் செய்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் மயானங்கள் இரண்டு உண்டு. ஏன் இரண்டு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவற்றில் காலனி மக்களின் மயானம் நாற்பது சென்ட் பரப்புக்குள் அடங்கியது. அதற்குப் போகும் வரப்புப் பாதை மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறாகிவிடும். சென்ற ஐப்பசியில் என் நிலத்தில் நெடுங்காலம் நடவு நட்ட மூதாட்டி ஒருவரின் அடக்கத்துக்குச் சென்றிருந்தேன். மூன்றடி தோண்டுவதற்குள் மண்வெட்டி பழைய எலும்பில் பட்டது. குழி வெட்டியவர் ஒன்றும் பேசாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நாலு முழம் தள்ளி மறுபடியும் தொடங்கினார். ஒதுங்க ஒரு கொட்டகை கூட இல்லாத அந்த இடத்தில், பாடையின் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மழையில் நின்றோம். ஆகவே புதிய மயானம் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

எங்கள் எதிர்ப்பு இடத்தைப் பற்றியது. தேர்வு செய்யப்பட்ட நிலம் வருவாய்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று இருக்கலாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது ஏரிதான். ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியும் ஆண்டுகளில் அங்கே மாடு மேய்வதில்லை, மீன் பிடிக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் ஓரத்தில் மின்கம்பம் நடக் குழி எடுத்தபோது, நாலடியிலேயே தண்ணீர் ஊறி, சேற்றை அள்ள அள்ளப் பக்கவாட்டு மண் சரிந்து விழுந்தது. கடைசியில் கருங்கல்லைக் கொட்டித்தான் கம்பத்தை நிமிர்த்தினார்கள். மின்கம்பத்துக்கே நிற்காத மண்ணில் ஆறடிக் குழியை எப்படி வெட்டுவது, வெட்டினாலும் உடலைத் தண்ணீரிலா இறக்குவது என்று கேட்டோம். பதில் இல்லை.

அதைவிடப் பெரிய கவலை குடிநீர்க் கிணறு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் கிணறு அந்த நிலத்துக்குக் கீழ்ப்புறம், சரிவில் இருக்கிறது. இடையில் உள்ள தூரத்தைக் கயிறு போட்டு அளந்தோம். 110 மீட்டர் வந்தது. தமிழ்நாடு கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு மயான விதிகள் 90 மீட்டர் என்றுதானே சொல்கின்றன, நீங்கள் ஏன் பதறுகிறீர்கள் என்று எங்களிடம் கேட்கப்பட்டது. அந்த விதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள், உரிமம் பெற்ற மயானத்தில் அன்றி வேறெங்கும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பதே அதன் பொருள். அதாவது, ஓர் இடத்துக்கு உரிமம் வழங்கப்பட்டுவிட்டால் பிறகு அந்த 90 மீட்டரைக் காட்டி நாங்கள் வாதாடவும் முடியாது. தவிரவும், தரைக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதை மீட்டர் கணக்கு சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 1998-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 250 மீட்டருக்குள் உடல்களைப் புதைக்கக் கூடாது என்றும், நிலத்தடி நீர் மிக உயரும் காலத்திலும் குழியின் அடிப்பகுதி அந்த நீர்மட்டத்துக்குக் குறைந்தது ஒரு மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இது நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தாதுதான். ஆனால் அந்த ஒரு மீட்டர் எங்கள் ஏரி உள்வாயில் கிடைக்காது என்பதை மின்கம்பக் குழி முன்பே காட்டிவிட்டது.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குத் தெற்கே, தார்ச் சாலையை ஒட்டி, இரண்டு ஏக்கருக்குக் குறையாத அரசுப் புறம்போக்கு நிலம் செம்மண் மேடாகக் கிடக்கிறது. எந்த மழையிலும் அங்கே தண்ணீர் தேங்கிப் பார்த்ததில்லை. அருகில் குடிநீர்க் கிணறும் இல்லை. முதலில் பேச்சு அடிபட்டது அந்த இடம்தான். பின்னர் அது ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு எழுத்தில் எந்தக் காரணமும் இல்லை. காலனியிலிருந்து அங்கே செல்ல வேண்டுமானால் எங்கள் பெரிய தெருவின் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானும் அந்தத் தெருக்காரன்தான். 2019-இல் வாணியம்பாடி அருகே, நிலத்தின் வழியாகச் செல்லப் பாதை இல்லாததால், பட்டியலினத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து வருந்தியவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். இன்று ஏரியைக் காக்க வேண்டும் என்று கையெழுத்திடுவோரில் சிலர், செம்மண் மேடு என்றதும் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய எதிர்ப்பையும் எங்கள் எதிர்ப்பையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டாம்.

இடத்தேர்வு குறித்த தீர்மானம் ஆகஸ்ட் 15 கிராம சபையில் நிறைவேறியதாகக் கூறப்படுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வரவு செலவுக் கணக்கு முடிந்து பாதிப் பேர் எழுந்து போன பின், நீர்நிலையின் பெயரோ கிணற்றின் பெயரோ இல்லாமல் ஒரு புல எண் மட்டும் வாசிக்கப்பட்டது. புல எண்ணைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

எனவே, வரும் நவம்பர் 1 கிராம சபையில் இதே பொருளை மீண்டும் எடுத்து, இரண்டு இடங்களின் வரைபடத்தையும் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டி, காலனி மக்களையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். உரிமம் வழங்குவதற்கு முன், கார்த்திகை மழையில், ஏரி உள்வாயிலும் செம்மண் மேட்டிலும் தலா ஓர் ஆறடிக் குழி வெட்டி, மறுநாள் காலையில் எதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நிலத்தடி நீர்த் துறையினர் அளந்து குறிக்க வேண்டும். இரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலிதான் இதற்கு ஆகும். அதுவரை பழைய மயானத்தின் வரப்புப் பாதைக்கு கிராவல் அடித்து ஒரு கொட்டகையும் போட்டுத் தர வேண்டும், மழை தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்