வியாசர்பாடி ஜீவா பிளாட்பாரத்தில் வழி சொன்ன அண்ணனுக்கு நன்றி

மலேசியாவிலிருந்து வடசென்னைக்குப் படிக்க வந்திருக்கும் எங்களுக்கு, திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கற்கால இடமான குடியம் குகைக்கு ஒரே நாளில் போய்வர வழி சொன்ன அண்ணே, உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. பெரிய நன்றி.

நீங்கள் சொன்னதை அடுத்து போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறோம். சில ரயில்கள் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் நிற்காமல் போகும். பெரம்பூரில் ஏறுவது நல்லது. திருவள்ளூரில் இறங்கி ஆட்டோ பேசும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். மாலையில் அங்கே வண்டி கிடைப்பது சந்தேகம். காலையில் முதலில் குகை, பிறகு பூண்டி அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தில் கற்கருவிகளை முன்பே பார்த்தால் கண் பழகும் என்பது உண்மைதான், ஆனால் வெயில் காத்திருக்காது. முள்காட்டுப் பாதையில் கடை கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மூடிய ஷூ.

குகைச் சுவரை உற்றுப் பார்க்கச் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். பாறைக்குள் உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. குவார்ட்சைட் என்னும் இந்தக் கடினமான கல்லைத்தான் ஆதிமனிதர் உடைத்துக் கைக்கோடரி செய்தார்கள். பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தவையும் இவ்வகைதான்; அங்குள்ள பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்கிறார்கள். கல்லை எடுத்துப் பையில் போடக்கூடாது. கிடந்த இடம் தெரியாமல் போனால் ஆய்வுக்கு அது வெறும் கல். அளவு தெரியப் பக்கத்தில் நாணயம் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

அங்கே ஓடும் கொசஸ்தலை ஆறுதான் நம்ம எண்ணூரில் கடலில் கலக்கிறதாம். இதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.