துணைப் பாத்திரத்துக்கும் ஒரு முடிவு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முடிந்துபோன தொலைக்காட்சித் தொடரைத் திரைப்படமாக நீட்டுவது பழைய பேரை வைத்துக் காசு பார்க்கும் வேலை என்று எழுதிய தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை, ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரின் நீட்சியாக 2019-இல் வெளிவந்த ‘எல் கமினோ’ படத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

2008 முதல் 2013 வரை 62 பகுதிகளாக ஓடிய ‘பிரேக்கிங் பேட்’, போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கும் வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட்டின் கதை. அவர் கதை கடைசிப் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால், அவருடைய பழைய மாணவனும் கூட்டாளியுமான ஜெஸ்ஸி, தன்னை அடைத்து வைத்திருந்த இடத்தின் கதவைக் காரால் இடித்துக்கொண்டு இருட்டில் போய்விடுகிறான், அதோடு சரி. அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முறத்தில் கீரை ஆய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், “இந்த நேரத்துல அந்தப் பையன் யார் வீட்டு வாசல்ல போய் நிப்பான்?” என்று கேட்டார். நம் தொடர்களில் துணைப் பாத்திரங்கள் திடீரென்று வெளிநாடு போய்விடுவதையும், ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற எழுத்தோடு ஆளே மாறிவிடுவதையும் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகியவர் அவர்.

படம் அந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறது. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே எழுதி இயக்கியிருக்கிறார். முதல் பருவத்திலேயே ஜெஸ்ஸியைச் சாகடித்துவிட எண்ணியிருந்தவரும் அவர்தான் என்பதை நினைத்தால், ஆறு ஆண்டு கழித்து அவனுக்காகவே இரண்டு மணி நேரத்தை ஒதுக்கியதை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது.

தூசு உறிஞ்சும் இயந்திரங்கள் விற்கும் கடையில் நடக்கும் காட்சி ஒன்று போதும். ஆட்களுக்குப் புதுப் பெயர் கொடுத்து ஊர் கடத்திவிடும் அந்தக் கடைக்காரர், முன்பு ஒருமுறை ஜெஸ்ஸி தன்னை வரச் சொல்லிவிட்டு வராமல் போனதற்கும் சேர்த்து 2,50,000 டாலர் கேட்கிறார். நோட்டுகளை எண்ணிப் பார்த்தால் 1,800 டாலர் குறைகிறது. குறைந்தது குறைந்ததுதான் என்று அவர் அசையாமல் இருக்க, பிறகு ஜெஸ்ஸி தன்னை அடைத்து வைத்து வதைத்த கூட்டத்தோடு தொடர்புடையவர்களிடமே போய், கட்டுக்கட்டாகப் பணம் வைத்திருக்கும் அவர்களிடம் அந்த 1,800 டாலரை மட்டும் கேட்கிறான். எத்தனை வசனம் எழுதினாலும் அவன் எப்படி மாறியிருக்கிறான் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியாது. (அதைத் தொடர்ந்து வரும் துப்பாக்கிச் சண்டை மிகைதான், இடையில் கடந்த ஆறாண்டுகள் நடிகர்களின் முகத்தில் தெரிவதும் உண்மைதான்.)

கடைக்காரராக நடித்த ராபர்ட் ஃபோர்ஸ்டர், படம் வெளியான அக்டோபர் 11 அன்றே காலமானார். கட்டுரையாளர் அவருக்காகவேனும் அந்தக் கடைக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.