ஆண்டைக் குறித்துவிட்டு அரசுகளைத் தேர்ந்தெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக வரலாற்றை வைத்துக் கணினி விளையாட்டுகள் வர வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தோம். ஆனால் மூவேந்தரோடு பல்லவரையும் சேர்த்துவிட்டால் போதும் என்ற கருத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. வியூக விளையாட்டில், அதாவது ஸ்ட்ராட்டஜி கேமில், எந்தெந்த அரசுகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதே பாதி வேலை. அதில் பிசகினால் படமும் இசையும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் ஆட்டம் சீக்கிரம் சப்பென்று ஆகிவிடும்.

வெளிநாட்டு நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் 2013இல் 'இந்தியர்' என்று ஒரே தரப்பைச் சேர்த்தார்கள். 2022இல்தான் அதைப் பிரித்து இந்துஸ்தானியர், வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று ஆக்கினார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அப்போதுதான் வந்தது. ஆனாலும் 'திராவிடர்' என்ற ஒரே தரப்புக்குள் சோழன், பாண்டியன், சேரன் எல்லோரும் அடங்கிவிடுவதால், சோழனும் பாண்டியனும் மோதினால் இருபுறமும் அதே படை, அதே கப்பல். கொடியின் நிறம் மட்டும் வேறு. 2025இல் வெளியான 'சிவிலைசேஷன் 7' சோழரைத் தனியாகச் சேர்த்தது நல்ல மாற்றம். நம்மவர்கள் இங்கிருந்து இன்னும் ஓரடி மேலே போகலாம்.

முதலில் ஆட்டம் தொடங்கும் ஆண்டைக் குறிக்க வேண்டும். அரசுகளின் பட்டியல் அதற்குப் பிறகுதான். புகழ்பெற்ற பெயர்களை முதலில் எழுதிவிட்டு ஆண்டைத் தேடினால், 1336க்கு முன் இல்லாத விஜயநகரமும் 1279க்குப் பின் இல்லாத சோழப் பேரரசும் ஒரே வரைபடத்தில் நிற்கும். பலரும் முதலில் நினைப்பது ராஜேந்திரன் அரியணையில் இருந்த 1014ஆம் ஆண்டை. அதற்குள் பாண்டிய நாடும் சேர நாடும் சோழருக்குப் பணிந்துவிட்டன. அந்த வரைபடத்தில் சோழனைத் தேர்ந்தெடுப்பவருக்குச் சவாலே இல்லை. மற்றவரைத் தேர்ந்தெடுப்பவருக்கு வழியே இல்லை.

எங்கள் பரிந்துரை 866. விஜயாலயன் தஞ்சையைப் பிடித்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. சோழன் அப்போது பல்லவ நிழலில் இருந்த சிற்றரசன். 862ஐ ஒட்டி ஈழத்துச் சேனையிடம் அடிபட்டிருந்த மதுரையில் இரண்டாம் வரகுணன் ஆண்டான். காஞ்சியில் பல்லவர், மகோதையில் (இன்றைய கொடுங்கல்லூர்) சேரன் தாணு ரவி, வடக்கே ராட்டிரகூட அமோகவர்ஷன். தெற்குக் கோடியில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அதே 866இல்தான் முஞ்சிறை சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றிப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் 95 சட்டர்களுக்கான, அதாவது வேதம் பயிலும் மாணவர்களுக்கான, சாலை என்ற கல்விக்கூடமும் அமைத்தான். செப்பேடு அதைச் சொல்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பாண்டியரும் பல்லவரும் மோதிய திருப்புறம்பியம் போர் வரும். அதில் யார் பக்கம் நிற்பது என்பதே ஆட்டத்தின் நடுப்பகுதியைத் தீர்மானிக்கும்.

ஆகவே ஆடத்தக்க அரசுகளாகப் பாண்டியர், பல்லவர், சேரர், சோழர், ஈழம், கன்னட நாட்டுக் கங்கர், ஆய் ஆகிய ஏழும் போதும். தொடக்க மாகாணங்கள் பாண்டியருக்கு 10, பல்லவருக்கு 9, சேரருக்கு 7, ஈழத்துக்கு 6, கங்கருக்கு 4, ஆய்க்கு 3, சோழருக்கு 2 என்று வைத்துப் பாருங்கள். ஈழத்தை விட்டுவிடக் கூடாது. தெற்கிலிருந்து கடல்வழி அச்சுறுத்தல் இல்லையென்றால் பாண்டியன் முழுப்படையையும் வடக்கே திருப்பிவிடுவான். ராட்டிரகூடரை முழு அரசாகச் சேர்ப்பதும் தவறு. அவர்களின் தலைநகரமும் பெரும்பகுதி நிலமும் வரைபடத்துக்கு வெளியே இருக்கும். கணினி அவர்களை இயக்கினால் கங்கரை விழுங்கிவிட்டு நேரே காவேரிக்கு வந்து நிற்கும். வரைபடத்தைத் துங்கபத்திரையோடு வெட்டி, சில சுற்றுகளுக்கு ஒருமுறை திறை கேட்கும் வெளிச் சக்தியாக மட்டும் அவர்களை வைத்தால் போதும்.

ஓர் அரசைச் சேர்க்கலாமா என்று பார்க்க எங்களுக்கு மூன்று கேள்விகள் உதவுகின்றன. அந்த ஆண்டில் அது தானாகப் போரும் சமாதானமும் முடிவு செய்ததா? மன்னன் பெயரும் தலைநகரமும் ஆவணத்தில் உண்டா? மற்றவர்கள் செய்யாத ஒன்றை அது செய்ததா? கொல்லத்தை ஒட்டிய வேணாடு 866இல் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வேணாட்டு அய்யன் அடிகள் சேரனுக்கு அடங்கியவராகவே வருகிறார். அதனால் அது சேரனின் அடங்கிய அரசு. சேரன் தளர்ந்தால் தனித்து எழலாம். அதே செப்பேட்டில் வரும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் இரண்டையும் அரசாக்க வேண்டாம். சலுகை எழுதிக் கொடுக்கும் மன்னனுக்குத் துறைமுக வருவாயைக் கூட்டும் வணிகக் குழுக்களாக வையுங்கள்.

ஆய் மூன்று கேள்விகளிலும் தேறுகிறது. படை சிறிது, ஆனால் விழிஞம் துறைமுகமும் மிளகும் சாலையும் கையில் இருக்கின்றன. பின்னாளில் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியே வெற்றிகளை 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று சொல்லத் தொடங்கும் அளவுக்கு இந்தக் கரை முக்கியமானது. ஒரே சிக்கல், மன்னர் பட்டியல் குறுகியது. சடையன், கருநந்தன், கருநந்தடக்கன், விக்கிரமாதித்த வரகுணன் என்று சில பெயர்களே கிடைக்கின்றன. அவை தீர்ந்ததும் புதுப் பெயர் புனையாதீர்கள். 'ஆய் வேள்' என்ற பட்டத்தை மட்டும் காட்டுங்கள்.

எங்கள் குமரி மாவட்டத்தார் சிலருக்கு அடுத்தது பிடிக்காமல் போகலாம். எங்கள் மாவட்டத்தின் நெல் விளையும் பகுதியான நாஞ்சில் நாட்டைத் தனி அரசாக்கக் கூடாது. சுசீந்திரம் கோயிலிலேயே பாண்டியர், சோழர், வேணாட்டார் கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லோரும் விரும்பிய நெல்வயல் அது. 'உரிமைப் பூசலுள்ள மாகாணம்' என்று அமைத்தால்தான் அதன் பெருமை ஆட்டத்தில் தெரியும்: விளைச்சல் அதிகம், காவல் கடினம், பிடித்தவனுக்கு மூன்று பக்கமும் பகை. விளைச்சலுக்கு இன்றைய கணக்கை எடுக்காதீர்கள். பேச்சிப்பாறை அணை 1906இல்தான் முடிந்தது. அதற்கு முன் பழையாறும் குளங்களும் பழைய அணைகளும் தந்த தண்ணீர்தான்.

எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையும் வரும். 12 அரசுகள் என்றால் கணினி கணக்கிட வேண்டிய இருதரப்பு உறவுகள் 66. 40 அரசுகள் என்றால் 780. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆடுபவர் காத்திருக்க வேண்டியதாகிவிடும். ஒவ்வோர் அரசுக்கும் கொடி, பெயர்ப் பட்டியல், தனிப்படை ஓவியம், கணினி எதை முதலில் நாடும் என்ற விதி, சோதனை என்று வேலையும் பெருகும். சிறு குழு ஏழு அரசுகளை ஒழுங்காகச் செய்யலாம்; இருபதைத் தொட்டால் பதின்மூன்று வெறும் பெயர்ப்பலகையாகவே நிற்கும்.

மலைவாழ் மக்களை, குறிப்பாகக் காணிக்காரர்களை, பல விளையாட்டுகளில் வருவதுபோலக் காட்டுமிராண்டிக் கூட்டமாகக் காட்டவே கூடாது. மலைப்பாதையும் தேனும் மிளகும் அறிந்தவர்களாக, உடன்பாடு செய்தால் படைக்கு வழிகாட்டுபவர்களாகக் காட்டலாம். அதையும் அவர்களிடம் கேட்டே செய்ய வேண்டும். 'சிவிலைசேஷன் 5' விளையாட்டில் அமெரிக்கப் பழங்குடியினரான பியூப்லோ மக்களைச் சேர்க்கத் திட்டமிட்டபோது, அவர்களின் தலைவர் போப்பேயைக் காட்டுவதை அம்மக்களின் பேரவை ஏற்கவில்லை; அவர்களுக்குப் பதிலாக ஷோஷோனி மக்கள் சேர்க்கப்பட்டார்கள். 2018இல் 'சிவிலைசேஷன் 6' கனடாவின் பழங்குடியினரான கிரீ மக்களைச் சேர்த்தபோது, நிலத்தைப் பிடிப்பதே குறிக்கோளான ஆட்டம் எங்கள் மரபுக்கு ஒவ்வாதது என்று அவர்களின் பிரதிநிதி வருத்தம் தெரிவித்தார். வேலை தொடங்கும் முன்பே கேட்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

பிற்காலம் வேண்டுமென்றால் மார்த்தாண்ட வர்மா பட்டமேறிய 1729 நன்று. திருவிதாங்கூர், கொல்லம், காயங்குளம், கொச்சி, கோழிக்கோடு, மதுரை நாயக்கர், ஆற்காடு இவற்றோடு டச்சுக் கம்பெனியும் வரும். கம்பெனிக்கு வெற்றி என்பது நிலம் அல்ல, மிளகு இலாபம். மன்னரை எதிர்த்த நிலப்பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரைத் தனி அரசாக்காமல் உள்நாட்டு எதிர்ப்பாக வையுங்கள். பழைய ஆவணங்களில் கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு வரும்போது கவனம் தேவை: ஆவணி முதல் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். குளச்சல் போர் நடந்த 1741 ஆகஸ்ட் 10, கொல்லம் 916இன் கடைசி நாட்களில் விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு 824ஐக் கூட்டினால் போர் ஓராண்டு முன்னே போய்விடும்.

பட்டியல் முடிந்ததும் மனிதர் யாரும் ஆடாமல் கணினியையே 100 சுற்று ஆட விடுங்கள். குறைந்தது பத்து முறை. எல்லா முறையும் ஒரே அரசு வென்றால் வரைபடத்தில் பிழை. ஆய் ஒவ்வொரு முறையும் 20 சுற்றுக்குள் அழிந்தால் அதன் படையைக் கூட்டாதீர்கள். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் படை கடக்க முடியாததாக்கி, ஆரல்வாய்மொழி, ஆரியங்காவு கணவாய்களை மட்டும் திறந்து, அங்கே நுழையும் படைக்கு இரண்டு சுற்று தாமதம் வையுங்கள். அதன் பிறகும் பாண்டியன் விழிஞத்துக்கு வந்தால் பெரும்பாலும் கடல்வழியாகத்தான் வருவான்; அங்கே ஆயின் துறைமுகக் காவலை மட்டும் ஒரு படி உயர்த்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.